உப்புப் பானையை அம்மன் வாசலில் கொட்டிய வெள்ளிக்கிழமை

அம்மன் பிள்ளைகளான அக்கா தங்கச்சிமார் எல்லாருக்கும் என் வணக்கம். நான் மூன்றாம் வகுப்பு வரைக்கும்தான் படித்தவள். எழுத்து கோணல் மாணலாகத்தான் வரும். ஞாபகமும் முன்னைப் போல இல்லை. ஒன்றை எழுதும்போது இன்னொன்று மறந்துபோகிறது. பொறுத்துக்கொள்ளுங்கள். வெள்ளிக்கிழமை பூஜையில் எழுந்து நின்று சொல்லும்படி வாத்தியாரம்மா மூன்று தடவை கேட்டார்கள். மூன்று தடவையும் தூணுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துவிட்டேன். பத்துப் பேர் முகத்தைப் பார்த்தால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். அதனால் எழுதித் தருகிறேன். வாத்தியாரம்மா படிக்கட்டும்.

பெரிய வெள்ளம் வந்ததற்கு மறு வருஷம், பிரபவ வருஷம், ஐப்பசி மாதம். அப்போது நாங்கள் செடெனாக் என்ற ஊர்ப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் இருந்தோம். எங்கள் வீட்டுக்காரருக்குப் பால் கொட்டகையில் வேலை. ரப்பர் பாலைக் கலக்குவதற்கும் வாளிகளைக் கழுவுவதற்கும் நாள் முழுக்கத் தண்ணீர் வேண்டும். அவர்தான் கைப் பம்பு அடித்துத் தொட்டியை நிரப்புவார். நல்ல தேகக்கட்டு உள்ள மனிதர். எங்களுக்குப் பிள்ளை இல்லை. கப்பலேறி வந்த நாளிலிருந்து எனக்கு அவர், அவருக்கு நான். வேறு யாரும் இந்தச் சீமையில் கிடையாது. இதைச் சொல்லிவிட்டால், நான் ஏன் அப்படிப் பயந்தேன் என்று உங்களுக்குத் தெரிந்துவிடும்.

முதலில் மூச்சுதான். பம்பு அடித்துக்கொண்டே இருப்பார், திடீரென்று நிறுத்திவிட்டுத் தொட்டியைப் பிடித்துக்கொண்டு நிற்பார். மழை ஈரம் என்றார். பிறகு படுக்க முடியவில்லை. மதியம் வேலை விட்டு வந்து பாயில் சாய்ந்தால் உடனே எழுந்து உட்காருவார். தண்ணீருக்குள் அமுக்கின மாதிரி இருக்கிறது என்பார். சுவரில் முதுகை வைத்து உட்கார்ந்தபடியே கண் அயர்வார். அப்புறம் கால் வீங்கியது. ஒரு நாள் அமுக்கிப் பார்த்தேன். என் விரல் பட்ட இடம் குழியாகிவிட்டது. கையை எடுத்த பிறகும் அந்தக் குழி அப்படியே நின்றது, பிசைந்த மாவில் விரல் வைத்த மாதிரி.

பக்கத்து வீட்டுப் பச்சையம்மா எதையும் கேலி பண்ணாமல் விடமாட்டாள். வாசலில் நின்று எட்டிப் பார்த்தாள்.

"ஏன்டி அஞ்சல, ஒம் புருசன் காலு கங்காணி காலு மாதிரி பெருத்துருச்சே! சொல்லாம கொள்ளாம கங்காணி ஆக்கிட்டாங்களா?"

அவர் சிரித்தார். சிரிப்பு இருமலாகிவிட்டது. இருமல் நிற்கவில்லை. பச்சையம்மாவே பயந்துபோய், மலாய்க்காரர்கள் 'ஐயோ' என்பதற்குச் சொல்கிற மாதிரி, "அலமாக், என்னாடி இது, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கிட்டுப் போ" என்றாள்.

தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கிற டிரெஸர் ஐயா இருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். வேதக்காரர், ஞாயிற்றுக்கிழமை கோவிலுக்குப் போகிறவர். கோபக்காரர் என்று எல்லாரும் பயப்படுவார்கள். பதினைந்து நாளைக்கு ஒரு தடவை மோட்டாரில் வரும் டாக்டர் துரை அன்றைக்கு வந்திருந்தார். அவர் குழாயை நெஞ்சில் வைத்து வெகுநேரம் கேட்டார். இங்கிலீஷில் என்னவோ சொன்னார். டிரெஸர் ஐயாதான் எங்களுக்கு விளக்கினார். அவர் பேச்சு எங்கள் பேச்சு மாதிரி இருக்காது, ஆனால் அன்றைக்குச் சொன்னதில் ஒரு சொல்லும் எனக்கு மறக்கவில்லை.

"நீர் என்ன வேலை செய்யுறீர்?"

"பம்பு அடிக்கிறேங்க ஐயா."

"அப்ப உமக்கு லேசா விளங்கும். பம்புக்குள்ள இருக்கிற தோல் தேஞ்சு போனா என்ன நடக்கும்?"

"கைப்பிடி ஆடுங்க. தண்ணி ஏறாது. பாதி ஏறும், பாதி உள்ளேயே எறங்கிரும்."

"அதுதான் உம்மட நெஞ்சுக்குள்ளயும் நடக்குது. இருதயம் அடிக்குது, ஆனா பெலம் இல்லை. ஒவ்வொரு அடிக்கும் போக வேண்டிய ரத்தத்தில பாதிகூடப் போகேல்லை. போகாதது பின்னால தேங்குது. காலில தேங்கினா வீக்கம். சுவாசப்பையில தேங்கினா படுக்க ஏலாது."

"அப்ப தோல மாத்திருங்க ஐயா. நான் மாசத்துக்கு ஒண்ணு மாத்துறேன்."

டிரெஸர் ஐயாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. "இதை மாத்த ஏலாது. மருந்து தாறன். அது அடியை நிதானமாக்கிப் பெலப்படுத்தும். ஆனா சுமையைக் குறைக்க வேண்டியது நீங்கள்" என்றார். பம்பு வேலை கூடாது, தலையணை உயரமாக வைத்துச் சாய்ந்திருக்க வேண்டும், தண்ணீரை அளந்து குடிக்க வேண்டும் என்றெல்லாம் சொன்னார். கடைசியில் என் பக்கம் திரும்பினார்.

"பிள்ளை, சாப்பாட்டில உப்பு சேரக் கூடாது. உப்பு உடம்பில தண்ணியைப் பிடிச்சு வச்சிருக்கும். விளங்குதோ?"

நான் தலையை ஆட்டினேன். விளங்கியது என்றுதான் நினைத்தேன்.

ஆஸ்பத்திரியில் காய்ச்சல்காரர்கள் தரையில்கூடப் பாய் போட்டுப் படுத்திருந்தார்கள். கட்டில் இல்லை. அதனால் எங்கள் லயத்து வீட்டிலேயே வைத்துப் பார்க்கச் சொன்னார். காலையில் டிரெஸர் ஐயாவே வந்து கையைப் பிடித்து, கடிகாரத்தைப் பார்த்து நாடியை எண்ணுவார். பிறகுதான் மருந்து. ஏதோ ஒரு செடியின் இலையில் எடுத்த மருந்தாம். ஒரு வேளைக்குப் பத்துச் சொட்டு என்று ஞாபகம். தண்ணீரில் விட்டுக் கொடுப்பேன்.

இப்போது நான் செய்த காரியத்தைச் சொல்ல வேண்டும்.

எங்கள் வீட்டு வழக்கத்தில் பத்தியம் என்றால் பச்சை உப்பு ஆகாது. உப்பை வெறும் சட்டியில் போட்டு, படபடவென்று வெடிக்கிற வரைக்கும் வறுத்து வைத்துக்கொள்வோம். பிள்ளை பெற்றவளுக்கு அதுதான். நாட்டு மருந்து சாப்பிடுகிறவர்களுக்கும் அதுதான். வறுத்த உப்பை யாரும் உப்பு என்று கணக்கில் எடுப்பதில்லை. வறுத்தால் அதில் உள்ள கெடுதல் போய்விடும் என்று என் அம்மா சொல்வாள், அவள் அம்மாவும் சொன்னாளாம். அன்றைக்கு ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் வராததுமாக நான் செய்த முதல் வேலை, கல் உப்பை வறுத்து ஒரு தகர டின்னில் போட்டு மூடி வைத்ததுதான். அவருக்கு வைக்கும் கஞ்சியிலும் ரசத்திலும் அதைத்தான் போட்டேன். வாய்க்கு ருசி இல்லை, பாவம் என்று ஒரு சிட்டிகை கூடவே போட்டேன். கருவாட்டைக்கூட நெருப்பில் சுட்டுக் கொடுத்தேன். சுட்டதுதானே என்று.

அன்பாகத்தான் செய்தேன். அது அந்த அம்மனுக்குத் தெரியும்.

வீக்கம் இறங்கவில்லை. முழங்காலுக்கு ஏறியது. பிறகு வயிற்றுக்கு வந்தது. இடுப்பில் கட்டியிருந்த அரைஞாண் கயிறு சதைக்குள் பதிந்துவிட்டது. அவிழ்க்க முடியவில்லை. அறுப்பது அபசகுனம் என்று அவர் விடவில்லை. ஒரு வாய் கஞ்சி குடித்துவிட்டு மூச்சு வாங்குவார். மறுவாய்க்கு நான் காத்திருக்க வேண்டும். பேசினால் நாலு சொல்லுக்கு ஒரு தடவை நிறுத்துவார். நான் அவர் நெஞ்சு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருப்பேன். அடுப்படியில் இருந்தாலும் காது அங்கேயே இருக்கும். மூச்சுச் சத்தம் கொஞ்சம் குறைந்தால் ஓடி வருவேன். "நான் இன்னும் போவலடி, போய் வேலையப் பாரு" என்பார்.

டிரெஸர் ஐயாவுக்குக் குழப்பமாகிவிட்டது. ஒரு நாள் குத்தவைத்து உட்கார்ந்து, எங்கள் வீட்டுக்காரர் காலை அமுக்கிப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"பிள்ளை, உண்மையைச் சொல்லும். உப்பு போடுறீரோ?"

"இல்லைங்க ஐயா" என்றேன்.

பொய் சொல்லவில்லை. என் மனசில் அது பொய் இல்லை. ஆனால் ஒன்று சொல்கிறேன். 'வறுத்ததுதான் போடுறேங்க' என்று ஒரு வார்த்தை தொண்டை வரைக்கும் வந்தது. பெரிய மனிதர், அவரிடம் போய் அடுப்படி விஷயத்தை எல்லாம் விளக்குவதா என்று வெட்கம். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு தலையைக் குனிந்துகொண்டேன். அந்த வார்த்தை உள்ளேயே போய்விட்டது.

சொட்டு மருந்தைக் கூட்டினார்கள். நாலைந்து நாளில் வாந்தி எடுத்தார். சோற்றை முன்னால் வைத்தால், "ஏன் மஞ்சத்தூள் போட்டே?" என்று கேட்டார். வெறும் வெள்ளைச் சோறு. கொடியில் கிடந்த வெள்ளைத் துண்டைப் பார்த்து மஞ்சள் என்றார். ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். டிரெஸர் ஐயா வந்து நாடியைப் பிடித்தவர் முகம் மாறிப்போனது. மருந்து அதிகமாகிவிட்டது, உடனே நிறுத்த வேண்டும் என்றார். அன்றைக்கு மாலையே டாக்டர் துரைக்கு ஆள் அனுப்பினார். மறுநாள் இரண்டு பேரும் வாசலில் நின்று இங்கிலீஷில் மெதுவாகப் பேசினார்கள். மோட்டார் போன பிறகு டிரெஸர் ஐயா என்னிடம் வந்தார். அவர் அப்படி மெல்லமாகப் பேசி நான் கேட்டதே இல்லை.

"சொந்தக்காரர் ஆரும் இருந்தா அறிவியும், பிள்ளை."

"யாரும் இல்லைங்க ஐயா."

"மருந்தைக் கூட்டவும் ஏலாது, விடவும் ஏலாது. இனி ஆண்டவர்தான்."

அவர் போய்விட்டார். நான் அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டேன். அழுகைகூட வரவில்லை. இவர் போய்விட்டால் நான் யாருக்குக் கஞ்சி வைப்பேன் என்று மட்டும் தோன்றியது. அந்த ஒரு நினைப்பே திரும்பத் திரும்ப வந்தது.

மறுநாள் கார்த்திகை மாதத்து வெள்ளிக்கிழமை. மாரியம்மனுக்கு உப்பு மிளகு போடுவது நம் வழக்கம். உப்பு கரைகிற மாதிரி நோய் கரையட்டும் என்று வேண்டிக்கொண்டு போடுவோம். வழக்கமாக ஒரு பொட்டலம்தான். அன்றைக்கு எனக்கு என்ன தோன்றியதோ, அது யார் தோன்றவைத்ததோ, ஒரு பொட்டலம் போதாது என்று மனசு அடித்துக்கொண்டது. கல் உப்புப் பானையை அப்படியே தூக்கி இடுப்பில் வைத்தேன். வறுத்த உப்பு டின்னையும் எடுத்துக்கொண்டேன். அதுவும் வீட்டில் இருந்த உப்புதானே, ஆத்தாளுக்குக் கொடுக்கும்போது மிச்சம் வைக்கலாமா என்று.

வழியில் பச்சையம்மா பிடித்துக்கொண்டாள்.

"பானையோட எங்கடி போற? பொங்கலா?"

"ஆத்தாளுக்கு."

"எல்லாத்தையும் கொட்டிட்டு நாளைக்கு என் வீட்டுல வந்து கடன் கேக்கப் போற."

"கேக்கமாட்டேன்க்கா. வீட்டுல கருவாடு இருக்கு, அதையும் நீங்களே எடுத்துக்குங்க."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். அதற்குமேல் கேலி பண்ணவில்லை. கூடவே வந்தாள்.

அந்தத் தோட்டத்து அம்மனுக்கு அப்போது கோவில் என்றால் நாலு கால், மேலே தகரம், அவ்வளவுதான். நல்ல மழை. பானையைக் கவிழ்த்தேன். டின்னையும் கவிழ்த்தேன். தகரத்து ஓரத்தில் விழுந்த மழைத் தண்ணீரில் உப்பு என் கண் முன்னாலேயே கரைந்து ஓடியது. எனக்கு மந்திரம் தெரியாது. சத்தமாக வேண்டிக்கொள்ளவும் வெட்கம். வாய்க்குள்ளேயே சொன்னேன். "ஆத்தா, இந்த மாதிரி அவரு வீக்கம் கரையணும். அவரு தன் காலால நடந்து ஒன் வாசலுக்கு வர்ற வரைக்கும் என் வீட்டுல உப்பு பொழங்காது. அவருக்கும் இல்ல, எனக்கும் இல்ல. அவர எனக்கு விட்டுக்குடு." இவ்வளவுதான் என் பிரார்த்தனை.

அன்றைக்கு ஒரே பானையில் இரண்டு பேருக்கும் கஞ்சி வைத்தேன். உப்பில்லை. அவர் ஒரு வாய் குடித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"என்னா புள்ள இது, கழுநீர் மாதிரி இருக்கு? உப்பில்லாப் பண்டம் குப்பையிலன்னு தெரியாதா?"

"ஆத்தாளுக்கு நேந்துகிட்டேன். நானும் இதத்தான் குடிக்கிறேன்."

டிரெஸர் சொன்னார், டாக்டர் சொன்னார் என்றிருந்தால் கிண்ணத்தைத் தள்ளியிருப்பார். எனக்குத் தெரியும், அவர் குணம் அப்படி. "ஆத்தாளுக்கா" என்றார். கண்ணை மூடிக்கொண்டு குடித்தார். "ஒன் ஆத்தாளுக்கு நாக்கே இல்ல போல" என்றார். நான் வாயை மூடச் சொன்னேன்.

மூன்றாம் நாள். இதை எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனால் இதுதான் சாட்சி. அவருக்குச் சிறுநீர் பிரிய ஆரம்பித்தது. அதுவரைக்கும் ஒரு சிரட்டை அளவுகூடப் போகாது. அன்றைக்குப் போய்க்கொண்டே இருந்தார். நான் சந்தோஷப்படவே இல்லை, பயந்துவிட்டேன். டிரெஸர் ஐயா வந்து நாடி பார்த்தார். வாந்தியும் நின்றிருந்தது. பழைய மருந்தையே குறைத்து, சில சொட்டு மட்டும் மறுபடி ஆரம்பித்தார். இரண்டு நாளில் காலைக் கீழே தொங்கப்போட்டபோது கணுக்கால் எலும்பு தெரிந்தது. நான் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். பத்தாம் நாளோ பதினோராம் நாளோ, அரைஞாண் கயிறு தானாகத் தளர்ந்து இடுப்பில் சுற்றியது. அன்றைக்கு அவர் தலையணையைப் பாதி இறக்கி வைத்துச் சாய்ந்தார். மூச்சு முட்டவில்லை. நான் அடுப்படிக்குப் போய்ச் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு அழுதேன்.

டிரெஸர் ஐயாவால் நம்ப முடியவில்லை.

"என்ன செய்தனீர்? நாட்டு மருந்து ஏதும் குடுத்தனீரோ?"

"இல்லைங்க ஐயா. ஆத்தாளுக்கு நேந்துகிட்டு வீட்டுல இருந்த உப்பை எல்லாம் கொட்டிட்டேன்."

"உப்பு வீட்டில இருந்தா என்ன? நீர்தான் அவருக்குப் போடேல்லையே."

அப்போதுதான் அந்த வார்த்தை வெளியே வந்தது. "வறுத்த உப்பு மட்டும் போட்டேங்க."

அவர் அப்படியே நின்றார். என்னை அடித்துவிடுவாரோ என்று இருந்தது. "வறுத்தாலும் அது உப்புதான், பிள்ளை! நெருப்பில வச்சா அது எங்க போகும்?" என்று கத்தினார். பிறகு வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். இத்தனை நாளும் என் கையாலேயே, ஒரு சிட்டிகை கூடவே போட்டு, அவர் மூச்சை நானே அல்லவா அமுக்கியிருக்கிறேன். சுவரைப் பிடித்துக்கொண்டேன். டிரெஸர் ஐயாதான் கடைசியில் சொன்னார்: "குறை என்னிலயும் இருக்கு. உப்பு கூடாது எண்டு சொன்னன். உங்கட அடுப்படியில என்ன நடக்குது எண்டு நான் கேக்கேல்லை. நான் கும்பிடுறது வேற. ஆனா உம்மட சட்டியில இருந்த உப்பை நான் சொல்லி எடுக்க ஏலாமப் போச்சு. உம்மட அம்மன் எடுத்துப்போட்டா."

உள்ளே இருந்து எங்கள் வீட்டுக்காரர் குரல் கொடுத்தார். "ஐயா, அவள வையாதீங்க. பம்பு தண்ணி ஏத்துதுல்ல, விடுங்க."

தை மாதம் ஒரு வெள்ளிக்கிழமை அவர் தன் காலால் நடந்து அம்மன் வாசலுக்கு வந்தார். இரண்டு இடத்தில் உட்கார்ந்து எழுந்துதான் வந்தார். ஆனால் நடந்து வந்தார். என் வேண்டுதல் அன்றைக்கே முடிந்தது. ஆனாலும் உப்புப் பானை மறுபடி எங்கள் வீட்டுக்குள் வரவில்லை.

நோய் அடியோடு போய்விட்டது என்று நான் சொன்னால் அம்மன் முன்னால் பொய் சொன்னதாகும். அந்தத் தோல் தேய்ந்தது தேய்ந்ததுதான். பம்பு வேலைக்கு அவர் திரும்பவில்லை. உட்கார்ந்து ரப்பர் துண்டு பொறுக்கிப் பிரிக்கும் வேலை கொடுத்தார்கள். ஒரு கல்யாண வீட்டில் யாருக்கும் தெரியாமல் ஊறுகாயும் அப்பளமும் சாப்பிட்டுவிட்டு வந்தார். மூன்று நாளில் கால் காட்டிக்கொடுத்துவிட்டது. அதற்குப் பிறகு அவரே பயந்தார். இப்படி ஆறு வருஷம். ஸ்ரீமுக வருஷம் மாசி மாதம், வாசலில் உட்கார்ந்து வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். மூச்சுக்குப் போராடவில்லை. நான் கேட்டது அவரை எனக்கு விட்டுக்கொடு என்று. எத்தனை நாளைக்கு என்று நான் கேட்கவில்லை. ஆத்தாள் ஆறு வருஷம் கொடுத்தாள். ஒரு நாள்கூடக் குறைவு என்று சொல்லமாட்டேன்.

அந்தத் தை மாதத்துக்குப் பிறகு டிரெஸர் ஐயா என்னைப் பம்படிக்குக் கூட்டிக்கொண்டு போய், தண்ணீருக்கு வந்த பெண்கள் முன்னால் நிறுத்தினார். "நான் சொன்னா கேளாயினம், நீர் சொல்லும்" என்றார். எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. "வறுத்த உப்பும் உப்புதாங்க" என்று சொல்லிவிட்டு ஓடி வந்துவிட்டேன். ஆனால் சொன்னேன். வீங்கிக் கிடந்த கிழவர் ஒருவர் வீட்டில் அன்றைக்கே டின்னைக் கொட்டினார்கள் என்று பச்சையம்மா வந்து சொன்னாள்.

தங்கச்சிமாரே, கஷ்டம் வந்தால் அம்மனிடம் போங்கள். பானையோடு போங்கள், மிச்சம் வைக்காதீர்கள். அவள் கேட்பாள். அதே போல டிரெஸர் முன்னாலும் மிச்சம் வைக்காதீர்கள். அடுப்படியில் என்ன செய்கிறீர்களோ எல்லாவற்றையும் சொல்லுங்கள். வெட்கப்படாதீர்கள். அந்தச் சொட்டு மருந்தை யாரும் தாங்களாகக் கூட்டிக் குறைக்காதீர்கள், நாடி பார்க்காமல் கொடுக்காதீர்கள். மஞ்சளாகத் தெரிகிறது என்று சொன்னால் உடனே ஓடுங்கள்.

ஒரு உதவி வேண்டும். டிரெஸர் ஐயா வேலையை விட்டு இப்போது மூவாரில் மகள் வீட்டில் இருக்கிறாராம். அந்தப் பக்கம் போகிறவர்கள் யாராவது இதை அவருக்குப் படித்துக் காட்டுங்கள். பத்துச் சொட்டா, பதினைந்தா? அரைஞாண் தளர்ந்தது பத்தாம் நாளா, பிந்தியா? நான் உப்பைக் கொட்டியது கார்த்திகை முதல் வெள்ளியா, இரண்டாவதா? எனக்கு நிச்சயம் இல்லை. பிழை இருந்தால் அவர் சொல்கிறபடி திருத்திவிடுங்கள்.

ஓரிடத்தை மட்டும் திருத்த வேண்டாம். உப்பு போடுகிறாயா என்று அவர் கேட்டதற்கு நான் "இல்லைங்க ஐயா" என்று சொன்ன இடம். எனக்கு நல்லதாகத் தெரியட்டும் என்று யாரும் அதை மாற்றிவிடாதீர்கள். அப்படியே இருக்கட்டும்.